பதினோராவது கேள்வி

அந்த மனநல மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் அவளுக்கு 'உட்காரும் அக்கா' என்று பெயர். வைத்தது தரை துடைக்கும் அம்மாள். "ஊசி போடறது டாக்டரு, பிரஷர் பாக்கறது நர்ஸு, சும்மா உட்கார்றது நம்ம அக்கா" என்று ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அப்புறம் போகவே இல்லை. அக்காவுக்கு அதில் வருத்தமும் இல்லை. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

வீட்டில் தங்கையின் கிண்டல் வேறு மாதிரி. தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவள். ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் அமர்ந்தே பதினைந்து வருடத்தைத் தள்ளியவள். "நானும் பக்கத்துலதான் உட்கார்றேன், நீயும் பக்கத்துலதான் உட்கார்றே. ஆனா என் காலடியில ஒரு பிரேக் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்பாள். "ஒரு நோட்டு இருக்கு" என்பாள் அக்கா. தங்கைக்குச் சிரிப்பு அடங்காது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் அக்காவின் வேலையைச் சொல்ல முடியாது. கெட்டமைன் என்பது அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கிற மருந்து. அளவைக் குறைத்துப் போட்டால் ஆள் முழுசாக மயங்குவதில்லை; தன் உடம்பை விட்டு நாலடி தள்ளி நிற்பதுபோல ஆகிவிடுகிறார். எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு சிலருக்கு இதில் அசைகிறது. ஆனால் மருந்து பாட்டுக்கு ஆளை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். போன இடத்தில் கண்டதை அவரோடு சேர்ந்து எடுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அக்கா. முதல் நாள் பேசி ஆயத்தப்படுத்துவாள். மறுநாள் ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து, அவர் வாயிலிருந்து வருவதை வந்தபடியே நோட்டில் எழுதுவாள். அதற்கும் மறுநாள் அதை அவருக்குப் படித்துக் காட்டுவாள். ஒரு சொல் கூட்டமாட்டாள். பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துக் கொடுக்கமாட்டாள். அர்த்தம் கண்டுபிடிப்பது அவரவர் பாடு.

இந்தப் பிடிவாதம் அவளுக்குச் சிரிப்பிலிருந்து வந்தது. இதற்கு முன் பத்தொன்பது வருடம் அவள் அறுவை அரங்கில் நர்ஸ். அங்கே இதே மருந்தின் பிடியில் ஆட்கள் உளறுவதைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருமுறை முழங்கை முறிந்து வந்த ஒரு பெண், மேஜையில் கிடந்தபடி, தன் மாமியாரிடம் ஏதோ மன்றாடிக்கொண்டே இருந்தாள். மன்றாடிய ராகம் வேடிக்கையாக இருந்தது. அக்காவும் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் நடையில் அவளை நிறுத்தி, "நான் தப்பா ஏதாச்சும் சொன்னேனாம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, நல்லாத் தூங்குனீங்க" என்று அக்கா சொன்னாள். அந்தப் பொய் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. ஒருத்தியின் பேச்சைத் தான் வைத்துக்கொண்டு அவளைச் சும்மா அனுப்பிவிட்டோமே என்று வருடக்கணக்காக அரித்தது. நாற்பத்து நான்கு வயதில் தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உளவியல் படித்து, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள்.

ஊசிக்கு முந்தின நாள் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதில் பதினாறு கேள்விகள். பதினோராவது கேள்வி இது: மருந்தின் பிடியில் இருக்கும்போது சிகிச்சையாளர் உங்களைத் தொடலாமா? கையைப் பிடிக்கலாம், தோளைத் தொடலாம், தொடவே வேண்டாம் என்று மூன்று கட்டங்கள். தெளிவாக இருக்கும்போது எதில் குறி போடுகிறாரோ அதுதான் கடைசிப் பேச்சு. மருந்து ஏறிய பிறகு 'வேண்டாம்' என்றால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். 'வேண்டும்' என்றால் மட்டும் கேட்கக் கூடாது. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, தன் நினைவில் இல்லாதவர்களிடம் கை வைத்த புண்ணியவான்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த விதி. இங்கே அதை எழுதிக் கொடுத்ததே அக்காதான். டாக்டர் இழுத்தடித்தபோது சண்டை பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். புதிதாக வருகிற சிகிச்சையாளர்களுக்கு அவள் இன்னொன்றும் சொல்வாள்: அந்தக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள், பெற்றவளாக இருந்தாலும் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

ஊருக்குச் சொன்னவள் தானே அதை மறந்தது ஒரு மழை நாளில்.

வந்தவர் ஒரு எலெக்ட்ரீஷியன். வயது ஐம்பது இருக்கும். கூட வந்த மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவள். வாசல் பெஞ்சு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. குடை பிடித்தும் பாதி நனைந்திருந்த அந்தத் தையல்காரம்மாவை வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவளைப் பார்த்த நிமிடமே அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று.

"இவருகிட்ட ஒரு கேள்வி கேட்டீங்கன்னா பதில் வர்றதுக்குள்ள ஒரு சட்டைக்குக் காலர் வச்சு முடிச்சிடலாம் மேடம். அதனால நானே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தவள், மூச்சு விடாமல் ஆறு வருடத்தைச் சொல்லி முடித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன், அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், அவரும் அவருடைய கூட்டாளியும் ஒரு மின்பலகையைத் திறந்து வேலை செய்தார்கள். இருவரும் இருபது வருடமாக ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தில் கை நனைத்தவர்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துத் திறந்த இடத்தில் மின்சாரம் இருந்தது. கூட்டாளியின் வலது கையை அது பிடித்துக்கொண்டது. மின்சாரம் பிடித்தவனைத் தொடக் கூடாது, தொட்டால் இரண்டு பிணம். ஓடிப்போய் மெயினை அணைக்க வேண்டும். இதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம். கூட்டாளியால் பேச முடியவில்லை. இடது கை மட்டும் இவரை நோக்கி நீண்டது. இவர் பாடத்தில் படித்தபடியே திரும்பி ஓடினார். மெயின் சுவிட்ச் இருந்தது கொட்டகையின் அந்தக் கோடியில். நாற்பத்திரண்டு எட்டு வைக்கிற தூரம். அணைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் இவரை முன்னால் நிறுத்தி, ஆபத்து நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புது ஆட்களுக்குச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு வகுப்பு சொன்னார். மூன்றாவது வகுப்பில் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அன்று தொடங்கிய கை நடுக்கம் இன்றுவரை நிற்கவில்லை. வேலை போயிற்று. மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. போன மாதம் ஒருநாள் அவர் மனைவியிடம், "இதுவும் ஆகலைன்னா என்னை விட்டுடு" என்று சொல்லியிருக்கிறார். சாவதற்குத்தான் விடச் சொல்கிறார் என்று அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதைச் சொல்லும்போது மட்டும் தையல்காரம்மா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பேனாவை அவர் கையில் கொடுத்தால் அது தாளில் கிடுகிடுவென்று ஆடியது. "குடுங்க நான் போடறேன்" என்று மனைவி வாங்கிக்கொண்டாள். பத்துக் கேள்விகளைத் தானே கேட்டுத் தானே பதில் எழுதினாள். பதினோராவதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தொடறதா? எதுக்குங்க தொடணும்? அவரு பஸ்ல பக்கத்து சீட்டுல ஆள் உட்கார்ந்தாலே ஒடுங்கிக்கிற ஆளு. வேணாம்னு போட்டுடறேன். என்னங்க, வேணாம்தானே?"

அவர் தலையாட்டினார். ஆனால் உடனே ஆட்டவில்லை. முதலில் அக்காவைப் பார்த்தார், அப்புறம் மனைவியைப் பார்த்தார், அதற்கப்புறம்தான் ஆட்டினார். அந்தத் தாமதத்தை அக்கா கண்டாள். கண்டும், மழையையும் நனைந்த புடவையையும் பார்த்துக்கொண்டு பன்னிரண்டாவது கேள்விக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஊசி. வெறும் வயிற்றோடு வந்திருந்தார். அறையில் சாய்வுக் கட்டில், சுவரில் ஒரு படமும் கிடையாது, ஜன்னலில் தடித்த திரை. டாக்டர் புஜத்தில் ஊசி போட்டார். நர்ஸ் இன்னொரு புஜத்தில் பிரஷர் பட்டையைக் கட்டினாள். அக்கா கண்பட்டையை அவர் கையில் கொடுத்தாள். நடுங்கும் கையால் அவரே கட்டிக்கொண்டார். வார்த்தை இல்லாத இசை மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு நிமிடத்தில் கை நடுக்கம் நின்றது. ஆறு வருடமாக ஆடிக்கொண்டிருந்த கை அமைதியாகக் கட்டிலில் கிடந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் இடது கை மேலே எழுந்தது.

"பிடி" என்றார்.

அக்கா எழுதினாள்.

"கையப் பிடி. டேய். கையப் பிடிடா."

கை அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக நீண்டது. விரல்கள் விரிந்தன. ஒரு சாண் தூரம்தான். அக்கா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல" என்றாள். சொல்லலாம் என்று விதியில் இருப்பது அவ்வளவுதான்.

"பிடிடா... பிடி..."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அக்கா தலையை அசைத்து வேண்டாம் என்றாள். தன் இடது கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இல்லையென்றால் அது தானாகப் போயிருக்கும். வலது கையால் எழுதிக்கொண்டே இருந்தாள். பதினேழு முறை 'பிடி' என்று எழுதினாள். அவர் குரல் அழுகையாகி, அப்புறம் முனகலாகி, அப்புறம் வெறும் மூச்சானது. கை அந்தரத்தில் நின்று, சோர்ந்து, கட்டிலின் விளிம்பில் விழுந்தது. மொத்தம் ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடமும், நேற்று அவர் தலையாட்டுவதற்கு முன் தன்னைப் பார்த்த பார்வைதான் அக்காவின் கண்ணுக்குள் நின்றது. தனியாகக் கேட்டிருந்தால் இந்த மனிதர் வேறு பதில் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? இனி விதியை மீறினால் அது இன்னொரு தப்பு.

மூன்றாம் நாள் அவருக்குப் படித்துக் காட்டினாள். இந்த முறை மனைவியை வெளியே இருக்கச் சொன்னாள். நோட்டில் இருந்ததைப் பதினேழு முறையும் விடாமல் படித்தாள். அவர் குறுக்கிடாமல் கேட்டு முடித்தார்.

"அது நான் சொன்னது இல்ல மேடம்" என்றார். "அவன் சொன்னது. அன்னிக்கு அவனால பேச முடியல. அதான் முந்தாநேத்து... இல்ல, நேத்துதானே? நேத்து சொன்னான்."

அக்கா நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"நான் அவனாத்தான் இருந்தேன். கை மாட்டிக்கிச்சு. பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு நல்லாத் தெரியுது. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்குது. ஆனா வரல. நாற்பத்திரண்டு எட்டுன்னு நான் எண்ணி எண்ணி வச்சிருந்தேன் மேடம். ஓடுறவனுக்குத்தான் எட்டுக் கணக்கு. நிக்கிறவனுக்கு அது எவ்வளவு நேரம்னு இப்பத்தான் தெரியும்."

"பக்கத்துல இருந்தது நான்" என்றாள் அக்கா. "நீங்க கைய நீட்டினீங்க. தாள்ல தொட வேண்டாம்னு இருந்தது. அதனால பிடிக்கல. ஆனா அந்தக் கேள்விய உங்கள மட்டும் வச்சுக் கேட்டிருக்கணும். அப்படிக் கேக்காதது என் தப்பு."

அவர் நிமிர்ந்து அவளை நன்றாகப் பார்த்தார். ஆறு வருடமாக அவரைச் சுற்றி யாருமே தப்புச் செய்திருக்கவில்லை. விசாரணை அதிகாரி, மேலாளர், டாக்டர்கள், மனைவி எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்: யார் மேலும் தப்பில்லை. என் தப்பு என்று ஒரு ஆள் வாய்விட்டுச் சொன்னது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வார ஊசிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இந்த மருந்து ஒரு ஊசியில் நிற்பதல்ல. வாரம் ஒன்றாக ஆறு போட வேண்டும், இடைவெளி நீண்டால் கிடைத்த கொஞ்சநஞ்சமும் கரைந்துபோகும். அவருக்கு என்ன கிடைத்தது என்பதே ஒரு கேள்விதான். 'இதுவும் ஆகலைன்னா' என்று அவர் மனைவியிடம் சொன்ன வார்த்தை அக்காவை விட்டுப் போகவில்லை. காய்கறி நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, போன் அடித்தால் போதும், அது அந்தச் செய்திதானோ என்று பயந்தாள். தங்கைகூடக் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோப்பை எடுத்துத் தாளைப் பார்த்தார். "குறி இருக்கு, கையெழுத்து இருக்கு. நீங்க செஞ்சது சரிதானே. நமக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்றார்.

"நமக்கு வராது டாக்டர். அவருக்கு வந்துடும்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

 அக்கா எலெக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போன் செய்தாள், எடுத்தவள் தையல்காரம்மா. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தபடியே இருக்கிறார், சோறு வைத்தால் இரண்டு வாய், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள். அன்று மூச்சு விடாமல் பேசியவள் இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தினாள். மறுநாள் மத்தியானம் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்து நின்றாள்.

"உள்ள என்ன நடந்துச்சு? எனக்குத் தெரிஞ்சாகணும். நடந்து வந்த மனுஷன், அக்கா, அவரு. இப்பப் படுத்துட்டாரு."

நோட்டில் இருப்பது அவருடையது. அவர் சொல்லாமல் அதில் ஒரு எழுத்தை மனைவிக்குக்கூடக் காட்ட முடியாது. "அவர் பேசினத நான் சொல்ல முடியாதும்மா. ஆனா என் தப்பு ஒண்ணு இருக்கு, அதச் சொல்றேன். அவர நான் அரை மணி நேரம் தனியாப் பாக்கணும். நீங்க கூட இருக்கக் கூடாது."

"நான் இருந்தா என்ன?"

சொல்லாமல் மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் அக்காவுக்குத் தோன்றியது. விதி அப்படி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் இவள் நம்பிவிடுவாள். இந்தப் பெண்ணை நோகடிக்க வேண்டாம் என்ற அதே இரக்கம்தான் மழை நாளிலும் வந்தது. அன்று வந்த இரக்கத்தின் பலனை அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு அனுபவிக்கிறார். கோப்பிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இந்தப் பதினோராவது கேள்விய உங்க முன்னாடி கேட்டேன். தனியாத்தான் கேக்கணும், கேக்கல. அவர் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

தையல்காரம்மா தாளைக் கையில் எடுத்தாள். தன் பேனா போட்ட குறியை விரலால் தடவினாள். துணியில் தையல் பிசகிய இடத்தைத் தடவுகிறவர்கள் அப்படித்தான் தடவுவார்கள்.

"நான்தானே போட்டேன்" என்றாள்.

"போட விட்டது நான்."

"நான்தான் அக்கா போட்டேன். அவரக் கேக்கவே இல்ல. என்னங்கன்னு கேட்டேன், ஆனா அது கேக்கறது இல்ல." அவள் தாளைத் திருப்பி வைத்தாள். "ஆறு வருஷமா நான்தான் அவருக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன். பாலா காப்பியான்னு கேட்டாக்கூட." அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அழவில்லை. "கூட்டிட்டு வரேன். நான் கீழ ரோட்டுல நிக்கறேன், போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எப்படிப் பேசிக் கூட்டி வந்தாளோ தெரியாது, இரண்டு நாளில் அவரைக் கொண்டுவந்து மாடிப்படியில் விட்டுவிட்டு இறங்கிப்போனாள். அவர் இளைத்துப் போயிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அக்கா கதவைச் சாத்தினாள். புதுத் தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்து, பேனாவை மேலே வைத்தாள்.

"நேரம் நிறைய இருக்கு சார். நீங்களே போடுங்க. என்ன போட்டாலும் சரி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் பேனா தாளில் தடதடப்பது கேட்டது. பத்துக் கேள்விக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் சத்தமே இல்லை. அக்கா தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கையைப் பிடிக்கலாம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோணல் குறி. அவள் மனசுக்குள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அது கிடைத்தால் அடுத்த முறை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள்வாள். அவரும் தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள் என்று நினைத்தாள்.

"ஆச்சு மேடம்."

திரும்பி எடுத்துப் பார்த்தாள். பதினோராவது கேள்வியில், கட்டத்தைத் தாண்டி இழுபட்ட ஒரு நடுங்கிய கோடு. மூன்றாவது கட்டம். தொடவே வேண்டாம்.

"சார்" என்றாள். "நல்லா யோசிச்சீங்களா?"

"ரெண்டு வாரமா அதத்தான் யோசிச்சேன். அவனுக்குக் கிடைக்காதது எனக்கு வேணாம்."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"அவன் இன்னும் பேசி முடிக்கல. அன்னிக்குப் பாதியில நின்னுடுச்சு. நீங்க எழுதுவீங்கல்ல?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "பிடிக்காம பக்கத்துல இருக்கறது உங்களுக்குக் கஷ்டம்தான். எனக்குத் தெரியாதா அது?"

அக்காவுக்கு அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் போல் இருந்தது. இந்த வேலைக்கு வந்த எட்டு வருடத்தில் முதல் முறையாக, வேறு யாரையாவது உட்காரச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாமா என்று நினைத்தாள். ஆனால் இவர் நீட்டும் கையை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அது இதைவிட மோசமாகப் பட்டது.

மறுநாள் காலை ஊசிக்கு முன், வழக்கப்படி கடைசியாக ஒருமுறை கேட்டாள். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். ஊசி போட்டபின் பழையபடி கை எழுந்தது. இந்த முறை பதினான்கு நிமிடம். 'பிடி' என்பதோடு வேறு வார்த்தைகளும் வந்தன. கூட்டாளியின் பிள்ளைகளைப் பற்றி, திருப்பிக் கொடுக்காத ஒரு திருப்புளியைப் பற்றி, 'ஓடாதடா' என்று நாலு முறை. அக்கா எல்லாவற்றையும் எழுதினாள். கண்ணீர் நோட்டில் விழாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எழுதினாள். நர்ஸ் இந்த முறை அவளைப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக நடைக்குக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தையல்காரம்மா மேலே வந்து நின்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்:

"இந்தத் தடவ கையப் பிடிச்சீங்கதானே?"

அந்தப் புதுத் தாளும் நோட்டும் அவருடையவை. வேண்டாம் என்று அவரே குறி போட்டதைச் சொன்னால் இவள் மனதில் இருக்கும் பாரம் பாதி இறங்கும். ஆனால் சொல்ல அக்காவுக்கு உரிமை இல்லை. "அவரையே கேளுங்க" என்றாள். "அவர் சொல்ற வரைக்கும் நீங்க சொல்லாதீங்க."

தையல்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய பாடு என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு முறை வாய் திறந்து மூடியது. நடையில் ஒரு தள்ளுவண்டி கடந்து போயிற்று. மாடிப்படியில் யாரோ ஏறி வந்து போனார்கள். கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இல்ல. நான்தான் வேணாம்னு போட்டேன். இந்தத் தடவ நானே போட்டேன்."

அவள் கை தன்னையறியாமல் அவர் கையை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மடியில் மறுபடி ஆடத் தொடங்கியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, "என்னங்க, நான் பிடிக்கலாமா?" என்று கேட்டாள்.

இதற்குப் பதில் வர இன்னும் நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.

"இப்ப வேணாம்" என்றார்.

"சரி" என்று மட்டும் சொல்லி, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.